முன் பிரேக்கைப் பிடித்தால் பின்னால் விளக்கு எரிகிறதா?

போன இதழில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன்: பைக்கில் முன் பிரேக்குக்கும் தனியாக ஒரு பிரேக் லைட் சுவிட்ச் இருக்கிறது, அதையும் பாருங்கள் என்று. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. எனக்கு ரொம்பச் சந்தோஷம். தர்மபுரியில் சேலம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறேன். பின்னால் இடி வாங்கிய வண்டி வந்து நின்றால், நான் முதலில் தொட்டுப் பார்ப்பது இந்தச் சுவிட்சைத்தான். அதனால் இந்த முறை வேறு கேள்விகளை ஒதுக்கிவிட்டு, இதற்கே பக்கத்தைக் கொடுத்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போடுகிறேன்.

கேள்வி (நல்லம்பள்ளி, கல்லூரி மாணவர்): தினமும் தொப்பூர் வழியாகச் சேலத்துக்குப் போய் வருகிறேன். 125 சிசி வண்டி, முன்னால் டிஸ்க். டீக்கடையில் நின்றபோது ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து, "தம்பி, உன் வண்டியில பிரேக் லைட்டே வரல" என்றார். வீட்டுக்கு வந்து காலால் மிதித்துப் பார்த்தேன், நன்றாக எரிகிறது. அவர் சரியாகக் கவனிக்கவில்லையா, இல்லை வண்டியில் கோளாறா?

பதில்: அந்த டிரைவர் சரியாகத்தான் கவனித்திருக்கிறார், தம்பி. மறுபடி பார்த்தால் அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.

பிரேக் விளக்கு ஒன்றுதான். அதைப் போடுகிற சுவிட்ச் இரண்டு. ஒன்று கால் பிரேக் பெடலோடு ஸ்பிரிங் போட்டு இணைத்தது. இன்னொன்று வலது கைப் பிரேக் லீவருக்கு அடியில் இருக்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று நம்பாமல் தனித்தனியாக மின்சாரம் கொடுக்கின்றன. எது வேலை செய்தாலும் விளக்கு எரியும். ஒன்று செத்துப்போனாலும் இன்னொன்று எரிய வைத்துவிடுவதால், செத்தது வெளியே தெரியாது. நீங்கள் வீட்டில் காலால் மிதித்துப் பார்த்தீர்கள். ரோட்டில் டிஸ்க் நன்றாகப் பிடிக்கிறது என்பதால் கையால் மட்டும் பிடித்திருப்பீர்கள். லாரிக்காரர் பார்த்தது அதைத்தான்.

வலது கை லீவர் சுழலும் போல்ட்டுக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். மாஸ்டர் சிலிண்டருக்கு (பிரேக் ஆயில் டப்பா இருக்கும் பாகம்) அடியில், சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, ஒரு சின்ன ஸ்டார் ஸ்க்ரூவில் நிற்கும். அதிலிருந்து இரண்டு ஒயர் போகும். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு குட்டிப் பொத்தான். லீவர் சும்மா இருக்கும்போது அதன் மூக்கு இந்தப் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்கும். அமுங்கியிருக்கும்வரை மின்சாரம் போகாது. லீவரைப் பிடித்தால் மூக்கு விலகும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பொத்தானை வெளியே தள்ளும், தகடுகள் சேர்ந்து விளக்கு எரியும். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்ததும் உள்ளே லைட் எரிகிறதே, அதே வேலைதான். இதைப் புரிந்துகொண்டால் கோளாறு பாதி பிடிபட்டுவிடும். பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொண்டால் விளக்கு எரியாது. மூக்கு பொத்தானைச் சரியாக அமுக்காவிட்டால் விளக்கு அணையாது.

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். சாவியைப் போடுங்கள், என்ஜின் ஓட வேண்டியதில்லை. காலை பெடலிலிருந்து சுத்தமாக எடுத்துவிட்டு, கை லீவரை மட்டும் மெதுவாக இழுங்கள். ராத்திரி வீட்டுச் சுவருக்குப் பின்பக்கத்தைக் காட்டி நிறுத்தினால், உட்கார்ந்த இடத்திலிருந்தே சுவரில் சிவப்பு கூடுவது தெரியும். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. எரியவில்லை என்றால் லீவரைப் பிடித்தபடியே சுவிட்சை விரலால் லேசாகத் தட்டுங்கள். தட்டும்போது மின்னினால் உள்ளே தூசியோ துருவோ ஏறியிருக்கிறது.

அதற்கும் அசையவில்லை என்றால் சுவிட்சில் செருகியிருக்கும் இரண்டு ஒயரையும் நேராக இழுத்துக் கழற்றுங்கள். ஒரு துண்டு ஒயரால் அந்த இரண்டு முனையையும் ஒன்றோடு ஒன்று தொடுங்கள். விளக்கு எரிந்தால் ஒயர், ஃபியூஸ், பல்பு எல்லாம் நன்றாக இருக்கிறது, சுவிட்ச்தான் போய்விட்டது என்று அர்த்தம். புதுசு வாங்கிப் போட்டுவிடலாம், விலை பெரிய விஷயமே இல்லை. எரியாவிட்டால் கோளாறு ஒயரில். ஒன்று மட்டும் கவனம்: அந்தத் துண்டு ஒயர் ஹேண்டில் பாரிலோ லீவரிலோ பட்டுவிடக் கூடாது. பட்டால் எர்த் ஆகி ஃபியூஸ் போகும். சாவியை அணைத்துவிட்டு ஒயரை இணைத்து, பிறகு சாவியைப் போடுவது நல்லது.

ஹோண்டா, ஹீரோ வண்டிகளில் இந்தச் சுவிட்சுக்கு வருவது கறுப்பு ஒயர், விளக்குக்குப் போவது பச்சையில் மஞ்சள் கோடு போட்டது. மற்ற கம்பெனி வண்டிகளில் நிறம் மாறும். நிறத்தை நம்பாமல் இடத்தை வைத்துப் பிடியுங்கள்.

அப்புறம் இன்னொரு சோதனை, இதைப் பட்டறையிலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். லீவரைப் பிடித்தபடி ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். ஏதோ ஓர் இடத்தில் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால், ஹேண்டிலுக்குக் கீழே தலைப்பகுதியில் ஒயர் மடிந்து மடிந்து உள்ளே செம்பு அறுந்திருக்கிறது. மேல் தோல் நன்றாகவே இருக்கும், பார்த்தால் தெரியாது. இந்தக் கோளாறு இருக்கும்போது புது சுவிட்ச் போட்டால் இரண்டு நாள் எரியும், பிறகு பழைய கதைதான்.

தொப்பூர் கணவாயில் நீங்கள் தினமும் இறங்குகிறவர். கட்டமேட்டிலிருந்து இரட்டைப் பாலம் வரைக்கும் பின்னால் வருவது பெரும்பாலும் சரக்கு ஏற்றிய லாரி. சரிவில் அவர்களுக்கு வண்டியை நிறுத்த எவ்வளவு இடம் வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன எரிகிறது என்பதை நீங்கள் பார்க்கவே முடியாது. அதனால்தான் கிளம்பும் முன் பார்க்கச் சொல்கிறேன். நாளைக்குக் காலையில் கல்லூரிக்குப் போகும் முன்பே சரிசெய்துவிடுங்கள்.

கேள்வி (கிருஷ்ணகிரி, மாங்காய் மண்டியில் வேலை): போன மாதம் வண்டி சாய்ந்து கைப் பிரேக் லீவர் ஒடிந்தது. ரோட்டோரக் கடையில் ஒன்று வாங்கி மாட்டினேன். அன்றிலிருந்து பிரேக் லைட் அணையவே மாட்டேன் என்கிறது. சாவியைப் போட்டால் எரிகிறது. பரவாயில்லை என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பேட்டரி போய்விடுமா?

பதில்: பேட்டரியை விடுங்கள் அண்ணா, அது இரண்டாவது. எப்போதும் எரிகிற பிரேக் விளக்கும் எரியாத பிரேக் விளக்கும் பின்னால் வருகிறவருக்கு ஒன்றுதான். நீங்கள் எப்போது நிஜமாகப் பிடிக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. சீசனில் மண்டி ரோடு எப்படி இருக்கும்? டெம்போ, டிராக்டர், கூடை வைத்த வண்டிகள் எல்லாம் முட்டிக்கொண்டு வரும். பரவாயில்லை என்று விடாதீர்கள்.

முதலில் எந்தச் சுவிட்ச் என்று முடிவு செய்யுங்கள். முன் சுவிட்சின் ஒயரைக் கழற்றுங்கள். விளக்கு அணைந்தால் கோளாறு முன்னால்தான். அணையாவிட்டால் கால் பெடல் பக்கம் பாருங்கள். அந்த ஸ்பிரிங் இறுக்கமாக இழுத்துக்கொண்டிருக்கலாம். அதைத் தளர்த்தும்போது சுவிட்சின் உடம்பைக் கையால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்ப வேண்டும். உடம்பைத் திருகினால் ஒயர் முறுக்கி அறுந்துவிடும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் லீவர்தான் காரணம். பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் லீவர்களில், சுவிட்சை அமுக்கும் மூக்கு ஒரு நூல் குறைவாக இருந்தாலும் போதும், பொத்தான் முழுக்க அமுங்காது. பழைய லீவரின் ஒடிந்த துண்டு இருந்தால் புதுசோடு சேர்த்து வைத்து மூக்கை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். சிலர் மூக்கில் டேப் சுற்றியோ எம்-சீல் வைத்தோ சமாளிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அது வெயிலில் கழன்று லீவருக்கு இடையில் விழுந்தால் பிரேக்கே சிக்கும். கம்பெனி லீவர் வாங்கிப் போடுங்கள்.

லீவர் சரியானதாக இருந்தும் விளக்கு அணையவில்லை என்றால், லீவர் முழுக்கத் திரும்பி வரவில்லை. விரலால் லீவரை முன்பக்கம் தள்ளிப் பாருங்கள். அப்போது விளக்கு அணைந்தால் அந்தச் சுழலும் போல்ட் காய்ந்துபோயிருக்கிறது, இல்லை சாய்ந்ததில் வளைந்திருக்கிறது. டிஸ்க் வண்டியில் இது வெறும் விளக்குப் பிரச்சனை இல்லை. லீவர் முழுக்கத் திரும்பாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் பிஸ்டனும் திரும்பாது. பிரேக் ஆயில் டப்பாவுக்குத் திரும்பிப் போகும் சின்னத் துவாரம் திறக்காது. அழுத்தம் உள்ளேயே நிற்கும். பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும், சூடு ஏறும், ஏற ஏற இன்னும் இறுகும். நடு ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கிச் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்ற வேண்டும்.

பேட்டரிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். என்ஜின் ஓடும்போது சமாளித்துக்கொள்ளும். சாவியைப் போட்டு வைத்துவிட்டுப் பேசிக்கொண்டு நின்றால் சின்னப் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும்.

கேள்வி (அரூர், ஆசிரியை): என் ஸ்கூட்டரில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்கினால் சில நாள் செல்ஃப் எடுக்கிறது, சில நாள் சத்தமே இல்லை. கிக்கர் அடித்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. பேட்டரி மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள் டீச்சரம்மா. ஸ்கூட்டரில் கியர் இல்லை. என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் வண்டி ஓடிவிடக் கூடாது என்பதற்காக, பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் போகும்படி கட்டியிருக்கிறார்கள். அந்த மின்சாரம் போவது பிரேக் லைட் சுவிட்ச் வழியாகத்தான். சுவிட்ச் சரியாகச் சேரவில்லை என்றால் பட்டனை எவ்வளவு அமுக்கினாலும் சத்தம் வராது.

பிரேக்கைப் பிடித்துப் பின்னால் விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். விளக்கு எரியாத நாளில்தான் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் காரணம் சுவிட்ச். இடது லீவரை விட்டுவிட்டு வலதைப் பிடித்தும் முயன்று பாருங்கள். பல வண்டிகளில் எதைப் பிடித்தாலும் செல்ஃப் எடுக்கும், சிலவற்றில் இடது மட்டும்தான். விளக்கு நன்றாக எரிந்தும் சத்தமே இல்லை என்றால் ஸ்டார்ட்டர் பட்டன், ரிலே என்று தேட வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தால் பெரும்பாலும் "டிக் டிக்" என்றாவது கேட்கும், ஹாரனும் சோர்ந்திருக்கும்.

கேள்வி (சூளகிரி பக்கம், கல் குவாரி மேற்பார்வையாளர்): எங்கள் பக்கம் கிரானைட் தூசி. வாரம் ஒரு முறை வாட்டர் வாஷ் செய்கிறேன். இருந்தும் வருஷத்துக்கு ஒரு சுவிட்ச் போகிறது. எப்படிப் பராமரிப்பது?

பதில்: வாட்டர் வாஷ் செய்தும் போகிறது என்கிறீர்கள். வாட்டர் வாஷ் செய்வதாலும் போகிறது என்று நான் சொல்வேன். இந்தச் சுவிட்சின் பொத்தான் ஓரத்தில் மூடி எதுவும் கிடையாது, இடைவெளிதான். மழைத் தண்ணீர் மேலிருந்து சொட்டினால் அதற்குள் அவ்வளவாகப் போகாது. பிரஷர் கன்னை ஹேண்டிலுக்கு நேராகப் பிடித்தால் தூசியும் தண்ணீரும் சேர்ந்து குழம்பாக உள்ளே போய் உட்காரும். காய்ந்த பிறகு பொத்தானை அசையவிடாது. ஹேண்டில் பக்கம் கன்னைக் காட்ட வேண்டாம் என்று வாஷ் கடைத் தம்பியிடம் சொல்லிவிடுங்கள். அங்கே ஈரத் துணியும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு முறை, முடிந்த பிறகு ஒரு முறை சுவிட்சைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். தூசி அதிகம் உள்ள உங்களைப் போன்றவர்கள் இன்னும் இடையில் ஒரு முறை. சாவியை அணைத்துவிட்டு ஒயரைக் கழற்றுங்கள். பிடித்து இழுக்க வேண்டியது முனையில் இருக்கும் உறையை, ஒயரை அல்ல. சுவிட்சைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ சின்னது, மெத்தென்ற உலோகம். அளவு பொருந்தாத ஸ்க்ரூடிரைவரைப் போட்டால் தலை வழுவழுப்பாகிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. சரியான அளவு ஸ்டார் டிரைவரை நன்றாக அழுத்திப் பிடித்து ஒரே திருப்பில் எடுங்கள். துருப்பிடித்திருந்தால் ஒரு சொட்டுத் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து எடுங்கள்.

சுவிட்ச் கையில் வந்ததும் பொத்தானை விரலால் அமுக்கி விடுங்கள். "டிக்" என்று மென்மையாகக் கேட்டு, விட்டதும் வெளியே துள்ள வேண்டும். சோம்பலாக வந்தால் உள்ளே அழுக்கு. காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயை ஓரத்தில் விட்டு, பொத்தானைப் பல தடவை அமுக்கி விட்டு, உதறி, காய விடுங்கள். மின்சாரத் தொடர்புகளுக்கென்றே விற்கிற ஸ்பிரே அது. எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும். பெட்ரோல் வேண்டாம், பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். என்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம். அன்றைக்கு வழுக்கிக்கொண்டு வேலை செய்யும், அடுத்த வாரம் உங்கள் குவாரித் தூசி முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஒயர் செருகும் இரண்டு பித்தளைத் தகட்டிலும் பச்சைப் பூஞ்சை மாதிரி ஏறியிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் சுவிட்சின் தடையையும் பார்த்துவிடலாம். பொத்தான் வெளியே இருக்கும்போது கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். எரிந்துகொண்டிருக்கும் 21 வாட் பல்பின் தடையே ஏறக்குறைய 7 ஓம்தான். சுவிட்சில் 2, 3 ஓம் ஏறினாலே விளக்கு மங்கிவிடும். எரிகிறது, ஆனால் பகலில் தெரியவில்லை என்று கொண்டுவருகிற வண்டிகளில் நான் இதைப் பார்க்கிறேன்.

கழற்றியது கழற்றியாயிற்று, லீவர் போல்ட்டையும் எடுத்துத் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவிப் போடுங்கள். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். வழிந்து சுவிட்ச் பக்கம் போகக் கூடாது. ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது கை அளவுக்கு இறுக்கினால் போதும், அது அலுமினியத்தில் போட்ட மரை. மேலே இருக்கும் பிரேக் ஆயில் மூடியை இந்த வேலைக்குத் திறக்க வேண்டியதே இல்லை.

ஓர் எச்சரிக்கை. எல்லா வண்டியிலும் இந்தக் குட்டிப் பெட்டி இருக்காது. சில வண்டிகளில் பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் வேலை செய்கிற சுவிட்சை ஆயில் குழாய் போல்ட்டிலேயே வைத்திருப்பார்கள். அதைக் கழற்றினால் ஆயில் ஒழுகும், காற்று புகும், பிரேக் பிடிக்காது. அதில் நீங்கள் கை வைக்க வேண்டாம்.

கேள்வி (பென்னாகரம், பால் வண்டிக்காரர்): ஒகேனக்கல் இறக்கத்தில் நான் பிரேக்கே பிடிக்காமல் கியரைக் குறைத்தே இறங்குகிறேன். நல்ல பழக்கம் என்று சொல்கிறார்கள். சரிதானே?

பதில்: நல்ல பழக்கம்தான் ஐயா, பிரேக் சூடாகாது. ஆனால் அதில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. ஆக்ஸிலேட்டரை மூடி மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தால் வண்டி பிரேக் பிடித்த மாதிரியே வேகம் குறையும். பின்னால் விளக்கு எரியாது. அதற்கு வழி இந்த இரண்டு சுவிட்ச் மட்டும்தான், கியர் அதில் சேராது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் வந்துவிடும். நீங்கள் வேகத்தைக் குறைத்துவிட்டீர்கள் என்று பின்னால் வருகிறவர் புரிந்துகொள்ள ஒரு நொடி தாமதமானால் அவ்வளவு தூரமும் வேகத்தைக் குறைக்காமலேயே வந்துவிடுவார்.

அதனால் கியரைக் குறைக்கும்போதே இரண்டு விரலால் முன் லீவரை லேசாக ஒரு தொடு தொடுங்கள். சரியாக இருக்கிற சுவிட்சில், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே விளக்கு எரிந்துவிடும். லீவரின் முதல் அசைவே அதற்குப் போதும். வளைவுக்கு முன்னால் ஒரு தொடு, குறுக்கே மாடு வந்தால் ஒரு தொடு, கடைக்குத் திரும்பும் முன் ஒரு தொடு. உங்கள் வண்டியில் பிரேக் நன்றாகப் பிடித்த பிறகுதான் விளக்கு எரிகிறது என்றால் சுவிட்சோ லீவரோ தேய்ந்திருக்கிறது. டிரம் பிரேக் என்றால் கேபிள் ரொம்ப இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதே சமயம் இறக்கம் முழுக்க லீவரில் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு போவதும் கூடாது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் பின்னால் வருகிறவர் அதை மதிக்காமல் விட்டுவிடுவார். வத்தல்மலையிலும் அஞ்செட்டி இறக்கத்திலும் இப்படிப் பலரைப் பார்க்கிறேன். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். முழு பாரமும் பிரேக் மேல் விழும்.

கேள்வி (ஊத்தங்கரை, ஓர் அம்மா): என் பாப்பா புதிதாக பைக் ஓட்டுகிறாள். முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுந்துவிடும், கால் பிரேக்கை மட்டும் மிதி என்று அவள் அப்பா சொல்லிக் கொடுத்திருக்கிறார். சரியா?

பதில்: அவர் பயத்தில் சொல்கிறார் அம்மா, பாசத்தில் சொல்கிறார். ஆனால் அது சரியில்லை. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது; முன் சக்கரம் தரையை நன்றாக அழுத்துகிறது; நிற்க வைப்பதில் பெரும் பங்கு அதுதான். பின் சக்கரம் லேசாகிவிடுவதால் கால் பிரேக்கை மட்டும் மிதித்தால் பூட்டிக்கொண்டு வழுக்கும். குப்புற விழுவது லீவரை வெடுக்கென்று பிடிப்பதாலும், ஹேண்டிலைத் திருப்பிக்கொண்டு மணலில் பிடிப்பதாலும்தான். காலியான மைதானத்தில் மெதுவாக ஓட்டி, வண்டியை நேராக வைத்து, லீவரைப் பிழிவது போலப் படிப்படியாகப் பிடிக்கப் பழகட்டும். கூடவே கால் பிரேக்கும். பாப்பா கையால் பிடித்தாலும் காலால் பிடித்தாலும் பின்னால் விளக்கு எரிகிறதா என்று இரண்டையும் தனித்தனியாக நீங்களே நின்று பாருங்கள். 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளில் 125 சிசிக்கு மேல் என்றால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., 125 சிசி வரை என்றால் அதுவோ இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பிரேக்கோ வேண்டும் என்று சட்டமே வந்தது. 

கேள்வி (காவேரிப்பட்டணம், இளைஞர்): பிரேக் பிடித்தால் மின்னி மின்னி எரிகிற எல்.இ.டி. பல்பு போட்டிருக்கிறேன், பின் விளக்கை மூடியிருக்கும் டூமுக்குக் கறுப்பு ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறேன். அண்ணன் திட்டுகிறார்.

பதில்: அண்ணன் பக்கம்தான் நான். ஸ்டிக்கரை இன்றைக்கே உரித்துவிடுங்கள். பகல் வெயிலில் கறுப்பு டூமுக்குள் எரிவது பத்தடியில்கூடத் தெரியாது. எல்.இ.டி. நல்லதுதான், பல்பின் இழை சூடாகி முழு வெளிச்சம் வர எடுக்கும் நேரம்கூட இதற்கு வேண்டாம், சட்டென்று எரியும். ஆனால் நிறம் சிவப்பாக இருக்க வேண்டும், நிலையாக எரிய வேண்டும். மின்னுகிற விளக்கை இண்டிகேட்டர் என்று நினைத்து உங்களைப் பக்கத்தில் ஒருவர் முந்தப் பார்ப்பார்.

பழைய பல்புக்கே திரும்புவதானால் உங்கள் வண்டிக்கு எந்த வாட் என்று டூமுக்குள் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்; 21/5 வாட் பல வண்டிகளில் இருக்கிறது. அதன் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு குமிழும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒரு வழியாகத்தான் உள்ளே போகும். அழுத்தி மாற்றி நுழைத்தால் சாதாரண நேரத்தில் பளிச்சென்றும் பிரேக் பிடித்தால் மங்கலாகவும் எரியும்.

கேள்வி (ஓசூர், தொழிற்சாலை ஊழியர்): மின்சார ஸ்கூட்டரிலும் இந்தச் சுவிட்ச் உண்டா?

பதில்: உண்டு, வேலை இன்னும் அதிகம். பிரேக் லீவரைத் தொட்டதும் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தும்படி பல வண்டிகளில் கொடுத்திருக்கிறார்கள். சுவிட்ச் சிக்கி, பிரேக் பிடித்த நிலையிலேயே நின்றுவிட்டால் ஆக்ஸிலேட்டர் திருகினாலும் வண்டி நகராது. நடு ரோட்டில் இப்படி நின்றால் பேட்டரி, மோட்டார் என்று பதறாமல் இரண்டு லீவரையும் ஒரு தடவை நன்றாக இழுத்து விட்டுப் பாருங்கள். ஒயரில் மட்டும் கை வைக்காமல் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள்.

கேள்வி (மாரண்டஅள்ளி, தக்காளி விவசாயி): என் வண்டி ரொம்பப் பழசு. முன் டிரம் பிரேக். கை லீவரில் சுவிட்சே இல்லை, கால் பிரேக்குக்கு மட்டும் இருக்கிறது. புதிதாக வைக்க முடியுமா? பாலக்கோடு மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் தக்காளிப் பெட்டியோடு போகிறேன்.

பதில்: முடியும் ஐயா. விடியற்காலையில் பெட்டியோடு போகிறவருக்குக் கட்டாயம் வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் முன்னால் சுவிட்ச் வைக்காமலேயே விட்டார்கள். பெட்டி டெயில் லாம்பை மறைக்காமல் கட்டுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். மறைத்தால் எத்தனை சுவிட்ச் வைத்தும் பயனில்லை.

டிரம் பிரேக் உள்ள புதிய வண்டிகளுக்கு வரும் லீவர் ஹோல்டரிலேயே சுவிட்சுக்கு இடம் இருக்கும். நம் ஊரில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலும் ஹேண்டில் பைப் 22 மில்லிமீட்டர்தான், அப்படியே உட்காரும். லீவரையும் அதே வண்டிக்கு உரியதாக வாங்குங்கள், மூக்கு பொருந்த வேண்டும். கேபிள் முனையும் ஹோல்டரில் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். உங்களுடையது 6 வோல்ட் வண்டியாக இருந்தாலும் சுவிட்ச் அதேதான். ஆனால் அதே வாட் உள்ள 6 வோல்ட் பல்பு இரண்டு மடங்கு ஆம்பியர் இழுக்கும், அதனால் மெல்லிய ஒயர் போடாதீர்கள்.

புது சுவிட்சின் இரண்டு ஒயரையும் கால் பிரேக் சுவிட்சுக்குப் போகும் இரண்டு ஒயரோடு, ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். எந்த ஒயரை எதோடு சேர்த்தாலும் வேலை செய்யும். முறுக்கி டேப் சுற்றினால் ஒரு மழைக்குத்தான் வரும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாயைப் போடச் சொல்லுங்கள். ஒயரை டேங்குக்கு அடியில் பழைய கட்டோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள், என்ஜின் பக்கமும் சைலன்சர் பக்கமும் போக வேண்டாம். கடைசியில் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஒயர் எங்கேயும் இழுபடவில்லை, கையைப் பிடித்தாலும் காலை மிதித்தாலும் விளக்கு எரிகிறது என்றால் கட்டிவிட்டு மறுநாள் மார்க்கெட்டுக்குக் கிளம்பலாம்.